சேரன்மாதேவி ஆறு அஞ்சு

பாபநாசம் வண்டியா? பதினொண்ணு இருபதுக்கு வரணும். இப்ப மணி என்ன? பதினொண்ணு இருபத்தாறு. பாத்துக்கிடுங்க. ஏன்னு ஒரு ஆளு கேக்க மாட்டான். உக்காருங்க அண்ணாச்சி, நிக்காதீங்க. இந்த அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல, அந்தா ஒரு கூண்டு தெரியுதுலா, அதுக்குள்ளதான் நான் முப்பத்தோரு வருசம் உக்காந்திருந்தேன். டைம் கீப்பர். ஆவுடையப்பன்னு சொன்னா அந்தக் காலத்து டிரைவர் எல்லாரும் டீயப் பாதியில வச்சுட்டு வண்டிக்கு ஓடுவாங்க. விசில எடுத்து ஊதிட்டேன்னா வண்டி நகரணும். எவன் ஓடி வந்தாலும் சரி, என் மாமனாரே ஓடி வந்தாலும் சரி. வந்தாரு ஒருநாள். வண்டி போயிட்டு.

நீங்க எங்க, அருவிக்கா? குடும்பமா? மத்தவங்க எங்க? காலையில வேன்ல போயிட்டாங்களா! அப்ப நீங்க பிந்திட்டீங்க. சிரிக்காதீங்க, தப்பு உங்க மேலதான். ஒரு கூட்டத்தக் கூட்டிட்டுப் போறதுன்னா சும்மா இல்ல. எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போனவன். அதுல இருந்துதான் என் குடும்பத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கதில்ல. என் மேல ஒரு தப்பும் கிடையாது. கேளுங்க, நீங்களே சொல்லுவீங்க.

நாங்க மூணு பேரு. மூத்தது வடிவு அக்கா, செண்பகவடிவுன்னு பேரு. சேரன்மாதேவியில இருக்கா. மாமா போய்ப் பன்னெண்டு வருசமாச்சு, பிள்ளை கிடையாது. நடுவுல நான். கடைசி பிரம்மநாயகம், இந்தா இருக்கிற கல்லிடைக்குறிச்சியில இருக்கான். மூணு கிலோமீட்டர். அக்காவுக்கு நாயகம்னா உசுரு. இடுப்புல இருந்து இறக்க மாட்டா. நான் நடந்தே வளந்தவன்.

அந்த நாயகம் மகளுக்குக் கல்யாணம் வச்சான். எட்டு வருசம் முந்தி. தாலித் தட்ட எல்லாரும் தொட்டுக் கும்பிட மண்டபத்துல சுத்திக் கொண்டு போவாங்கல்லா? அத்தைக்காரி கொண்டு போறதுதான் எங்க வழக்கம். அக்கா ஆசையா எடுத்துட்டா. ரெண்டு வரிசை போயிருப்பா. தம்பி பொண்டாட்டி ஓடி வந்து, ‘மதினி, நீங்க தொடலாமா?’ன்னு வெடுக்குன்னு பிடுங்கி அவ தங்கச்சி கையில குடுத்துட்டா. புருசன் இல்லாதவ தொடக்கூடாதாம். அத்தன சனத்துக்கு முன்னால. நாயகம் பாத்துட்டு நின்னான். அக்கா ஒரு வாய் சாப்பிடாம பஸ் ஏறிட்டா.

நானா? நான் முகூர்த்த நேரம் பாத்துட்டு நின்னேன். ஒன்பதுல இருந்து பத்தரை. யாராவது ஒருத்தன் கடிகாரத்தப் பாக்கணும்லா?

அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. ஏழு வருசம். அப்புறம் போன வருசம் ஒருநாள் அக்கா வந்தா, எங்க வீட்டுக்கு. சுகர் ஏறிக் கண்ணுக்கு வந்துட்டு. இடது கண்ணு போச்சு, வலது கண்ணும் ஆறு மாசமோ எட்டு மாசமோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொல்லுதா, ‘ஆவுடை, இது முழுசா அடையறதுக்குள்ள நாயகம் முகத்த ஒருதரம் பாத்துரணும்டா. அவன் பேசக்கூட வேண்டாம். சும்மா பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்.’

என் வீட்டுக்காரி பூரணம் இருக்காள்லா, அவ உடனே, ‘கல்லிடைக்கு ஆட்டோவுல பத்து நிமிசம், போய்க் கையோட கூட்டிட்டு வாங்க’ங்கா. ஆட்டோவுல! ஏழு வருசப் பகைய ஆட்டோவுல போய்த் தீக்கவா? அவன் வர மாட்டேன்னுட்டா? வந்து வாசல்ல நின்னு இவ அழுது, அவன் அழுது, பழசையெல்லாம் கிண்டி, மறுபடி சண்டையில முடிஞ்சா? எதுக்கும் ஒரு முறை வேணும் அண்ணாச்சி. நான் சொன்னேன்: எல்லாரும் ஒண்ணாத் திருச்செந்தூர் போவோம். வேன் பிடிப்போம். கடல்ல குளிப்போம், சாமி கும்பிடுவோம். நல்ல இடத்துல, நல்ல நேரத்துல, எல்லாருக்கும் முன்னால ரெண்டு பேரையும் சேத்து வைப்போம். அக்கா ‘சீக்கிரம் வைடா’ன்னு மட்டும் சொன்னா.

வச்சேன். எப்படி வச்சேன் தெரியுமா? வாட்ஸப்புல ஒரு குரூப் போட்டேன். ‘ஒற்றுமைப் பயணம்’னு பேரு. பதினாலு பேரச் சேத்தேன். கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது, தட்டுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, அவங்கவங்க சீட்ட விட்டு எந்திரிக்கக்கூடாது, எல்லாம் எழுதிப் போட்டேன். அப்புறம் சீட்டுப் படம். இந்தா, பையில இருக்கு, பாருங்க. இது டிரைவர். அவருக்குப் பின்னால அக்கா. நாயகம் கடைசி வரிசை. இடையில பூரா பிள்ளைக. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. வழியில எசகுபிசகா ஒரு பேச்சு வந்து காரியம் கெட்டுறக்கூடாது பாருங்க. இந்தா, கீழ எழுதியிருக்கேன், ஒன்பது பதினஞ்சு, ‘அக்கா தம்பி சந்திப்பு’. கடற்கரையில. அஞ்சு நிமிசம். அதுக்கு முந்தி கிடையாது, பிந்தியும் கிடையாது.

தேதிதான் இழுத்துட்டு. முதல்ல வச்ச தேதியில அஷ்டமி. அடுத்ததுல பிள்ளைகளுக்குப் பரீட்சை. மூணாவதுல என் சீட்டுப் படத்துல ஒரு திருத்தம், பின்சீட்டுல ஒரு ஆளு கூடிட்டு. அஞ்சு மாசம் ஓடிப் போச்சு. பூரணம் நச்சுநச்சுன்னு, ‘மதினிக்கு நாளுக்கு நாளு மங்குதுங்க’ம்பா. மங்கத்தான் செய்யும். நான் என்ன செய்ய? முதல்ல பேசும்போது அக்கா பேப்பர்ல கொட்டை எழுத்து படிச்சா. கிளம்புற வாரத்துல, ஆளு அசையறது தெரியும், மூஞ்சிய ஒரு சாண் பக்கத்துல கொண்டு வந்தாத்தான் இன்னாருன்னு தெரியும். அது போதும்லா? பக்கத்துல கொண்டு வந்து காட்டத்தான போறோம்?

அன்னைக்கு வேன் வந்துச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, அம்பாசமுத்திரத்துல அஞ்சரைக்குக் கிளம்பினோம். என் பழைய விசில எடுத்துட்டுப் போயிருந்தேன். ஊதினேன் பாருங்க, டிரைவர் பய ஆடிப் போயிட்டான். கல்லிடை அஞ்சு முப்பத்தெட்டு. நாயகம் முன்னமே ரோட்டுல வந்து நின்னான். புதுச் சட்டை. கையில ஒரு தூக்குவாளி. என்னடான்னேன். ‘அக்காவுக்குப் பிடிக்கும்ணே, உளுந்தங்கஞ்சி’ன்னான். பொண்டாட்டிய எழுப்பாம அவனே காய்ச்சினானாம். அத மடியில வச்சுக்கிட்டே கடைசி சீட்டுல உக்காந்தான். சிந்திரும்டா, கீழ வைடான்னா வைக்கல.

வீரவநல்லூர்ல என் மகளையும் பிள்ளைகளையும் ஏத்திட்டு, சேரன்மாதேவி ஆறு அஞ்சு. டாண்ணு ஆறு அஞ்சு. அக்கா இல்ல.

அவ வீடு மெயின் ரோட்டுல இருந்து ஒரு சந்துக்குள்ள. வேன் உள்ள போகாது. ஆறு மணிக்கே டீக்கடை முன்னால வந்து நிக்கணும்னு மூணு தடவை போன்ல சொல்லியிருக்கேன். ரெண்டு நிமிசம் பாத்தேன். நான் யாருக்கும் ரெண்டு நிமிசம் குடுத்தவன் இல்ல, கூடப் பொறந்தவளாச்சேன்னு குடுத்தேன். போன் போட்டா எடுக்கல. அப்ப நாயகம் எந்திரிச்சுட்டான். ‘அண்ணே, நான் எறங்கி ஓடிப் போய்க் கூட்டிட்டு வாரேன். சந்துக்குள்ள ரெண்டாவது வீடுதான’ங்கான். ஏழு வருசம் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவன், வீட்டு அடையாளம் சொல்லுதான்! தூக்குவாளியக் கையில பிடிச்சுக்கிட்டு, பிள்ளைக காலெல்லாம் மிதிச்சுக்கிட்டு வாரான்.

விடுவேனா? நீங்க சொல்லுங்க. அவன் போய் அவ வீட்டு வாசல்ல நின்னா, அங்கயே சந்திப்பு நடந்து போகும். அப்புறம் ஒன்பது பதினஞ்சுக்கு என்ன இருக்கு? அத்தன ஏற்பாடும் வீண்தான? ‘உக்காருலே. உனக்கும் அக்காவுக்கும் கடற்கரையிலதான். திட்டத்தக் கெடுக்காத’ன்னேன். கதவுப் பக்கம் நாந்தான் இருந்தேன், தாழ்ப்பாளப் போட்டேன். ஆறு ஏழு. விசில ஊதிட்டேன்.

வண்டி நகந்துட்டு. ஒரு முப்பது அடி போயிருக்கும். பூரணம் கத்துதா, ‘அந்தா மதினி! அந்தா நிக்காங்க!’ன்னு. திரும்பிப் பாக்கேன், எதுத்த சாரியில நிக்கா. அம்பாசமுத்திரம் வார பஸ் நிக்கும்லா, அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, வழக்கமா எங்க வீட்டுக்கு வாரதுக்கு எங்க நிப்பாளோ அங்கயே நிறுத்திட்டுப் போயிருக்கு. அஞ்சரையில இருந்து நிக்காளாம். மஞ்சப் பை. தலையில பூ. பன்னெண்டு வருசத்துக்கு அப்புறம் பூ வச்சிருந்தா அண்ணாச்சி, அத என்ன சொல்ல. விசில் சத்தம் கேட்டுக் கைய நீட்டுதா. ஆனா வண்டி இருக்கிற பக்கம் நீட்டல. வேற எங்கயோ பாத்து நீட்டுதா.

டிரைவர் பிரேக்குல கால வச்சுட்டான். ‘போ’ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பின வண்டிய நடுவுல திருப்பலாமா? உள்ள பிள்ளைகுட்டி இருக்கு. அதுவும் போக, சொன்ன இடத்துல நிக்காதவளுக்கு நிறுத்தினா, அடுத்து ஒருத்தன் சொன்ன பேச்சுக் கேப்பானா? முப்பத்தோரு வருசம் ஒரு வண்டிய நான் திருப்பினது கிடையாது. பின்னாலயே திருநெல்வேலி பஸ் வரும், ஏறி வந்து சேந்துருவான்னு நினைச்சேன். கண்ணு தெரியாதவ எப்படி வருவான்னு பூரணம் கேட்டா. அது அப்புறம்தான் தோணுச்சு. நாயகம் கதவ ரெண்டு தட்டு தட்டினான். தாழ்ப்பாள் என் கையில. அந்தால போய்த் தூக்குவாளிய மடியில வச்சுக்கிட்டுக் கடைசி சீட்டுல உக்காந்துட்டான்.

ஒன்பது பதினஞ்சுக்கு எல்லாரையும் கடற்கரையில கூட்டினேன். திட்டத்துல இருக்குலா? வட்டமா நின்னாங்க. நாயகம் கஞ்சிய மணல்ல கவுத்துட்டுப் போய் வேன்ல உக்காந்துக்கிட்டான். குளிக்கக்கூட இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுதேன், திரும்பி வந்து சேந்த நேரம் சாயங்காலம் நாலு ஐம்பது. நான் எழுதி வச்சது நாலு ஐம்பது.

மறுநாள் அக்காவே போன் பண்ணினா. திட்டுவான்னு பாத்தேன். இல்ல. ‘உன் விசில் கேட்டுச்சு ஆவுடை. கைய நீட்டினேன். வண்டி போயிட்டு’ன்னா. அப்புறம், ‘நாயகம் உள்ள இருந்தானாடா?’ன்னா. இருந்தான்னேன். ‘அவன் என்னடா சொன்னான்?’

நான் என்ன சொல்ல? நான் ஒருத்தனாத்தான் போகச் சொன்னேன்னு சொல்லிக்கிட முடியுமா? ‘நேரமாச்சு, போலாம்னு எல்லாரும்தான்க்கா சொன்னாங்க’ன்னேன். பொதுவா. எல்லாரும்னு பொதுவாத்தான் சொன்னேன். அவ ‘சரி’ன்னு வச்சுட்டா. அவ்வளவுதான் நடந்தது. இதுல என்ன இருக்கு?

ஆனா அவ அதப் பிடிச்சுக்கிட்டா. நாலு மாசத்துல வலது கண்ணும் சுத்தமாப் போச்சு. இப்ப ராத்திரி பகல் தெரியாது. போன மாசம் நாயகம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, தானாப் போயிருக்கான் அவ வீட்டுக்கு. முறையா ஏற்பாடு இல்லாமப் போனா இப்படித்தான். வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருந்திருக்கா. இவன் முன்னால போய் நின்னிருக்கான். ‘யாரு?’ன்னாளாம். இவன் செருப்பக் கழத்திட்டுப் பக்கத்துல வந்திருக்கான். காதக் குடுத்துக் கேட்டுட்டு அவளே சொல்லுதா, ‘நாயகம்னா அப்படியே போயிரு. கண்ணு தெரியும்போது என்னை ரோட்டுல விட்டுட்டுப் போகச் சொன்னவன், இப்ப எதுக்கு வார?’ன்னு. இவன் அழுதுட்டே நடந்ததச் சொன்னானாம், இறங்கப் பாத்தேன்க்கா, அண்ணன்தான் கதவ அடைச்சுட்டான்னு. அவ என்ன சொன்னாளாம் தெரியுமா? ‘ஆவுடைக்குப் பொய் சொல்லத் தெரியாது.’

எனக்கு அதுல பெருமைதான் அண்ணாச்சி. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

நாயகம் நேரா எங்க வீட்டுக்கு வந்தான். செருப்பக் கழத்தல, உள்ள வரல. ‘நான் எப்பண்ணே போகச் சொன்னேன்?’ன்னான். சத்தம் கூடப் போடல. நான், ‘எல்லாரும்னுதானடா சொன்னேன், உன் பேரச் சொன்னேனா?’ன்னேன். வந்த காலோட திரும்பிப் போயிட்டான். அன்னைக்குச் சாயங்காலம் குரூப்ப விட்டு வெளிய போயிட்டான். அவன் போனதும் ஒவ்வொருத்தரா. என் மகளும் போயிட்டா. கடைசியில நானும் பூரணமும்தான் இருந்தோம். போன செவ்வாக்கிழமை அவளும் போயிட்டா. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு! அடுப்படியில இருந்தே வெளிய போயிட்டா!

ஏன்னா அவ தினமும் ஒரே பாட்டு. ‘நான் சொன்னாலும் மதினி நம்ப மாட்டேங்காங்க. புருசனக் குத்தம் சொல்லி நாயகத்தக் காப்பாத்தாதங்காங்க. நீங்க ஒரு நடை போய்ச் சொல்லிருங்க. ஒரே ஒரு வார்த்தை. நாயகம் இறங்க வந்தான், நாந்தான் விடலன்னு. அவங்க கட்டையில போறதுக்குள்ள சொல்லிருங்க’ன்னு. சொல்ல மாட்டேன்னா சொல்லுதேன்? சொல்லத்தான் போறேன். அத வீட்டு வாசல்ல நின்னு, கீரைக்கட்டுக்குப் பக்கத்துல நின்னா சொல்ல முடியும்? அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. எல்லாரும் கூடி நிக்கணும். கடற்கரையில வச்சுச் சொல்லுவேன். அதுக்குத்தான் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டுட்டு இருக்கேன். இந்தா, ரெண்டாவது தாள். ஒன்பது பதினஞ்சு, ‘விளக்கம், ஆவுடையப்பன், அஞ்சு நிமிசம்’. பாத்தீங்களா, எழுத்துலயே இருக்கு. நான் ஏமாத்துறவன் இல்ல.

ஆளு சேரணும். அதுதான் இப்ப கொஞ்சம் இழுக்கு. அக்கா என்கிட்டப் பேசத்தான் செய்யுதா. வாரியான்னு கேட்டேன். ‘நாயகம் வாரானா?’ன்னா. வாரான்னேன். ‘அப்ப நான் வரல’ன்னுட்டா. அவன்கிட்டக் கேக்கலாம்னா போன எடுக்க மாட்டேங்கான். பரவாயில்ல, தை மாசம் வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா அவளுக்கு ஒரு மாசமா மூச்சு வாங்குதாம். காலெல்லாம் வீங்கியிருக்காம். பூரணம்தான் போய்ப் பாத்துட்டு வந்தா. நான் இன்னும் போகல. வெறுங்கையோட எப்படிப் போறது? தேதி முடிவாகட்டும், தாளோட போவோம்னு இருக்கேன்.

உங்களுக்குப் போன் அடிக்கு. எடுங்க, எடுங்க.

யாரு, உங்க ஆளுகளா? என்னவாம்? எது, காத்திருக்காங்களா? நீங்க வார வரைக்கும் யாரும் தண்ணியில இறங்கலையா? அத்தன பேருமா? ஒரு ஆளுக்காகவா? பதினொண்ணேமுக்கால் ஆச்சு! நல்ல கூத்தா இருக்கே. திட்டம்னு ஒண்ணு போட்டாங்களா இல்லையா? இப்படிக் காத்துட்டு இருந்தா எப்பக் குளிக்கிறது, எப்பச் சாப்பிடுறது, எப்பத் திரும்புறது? உங்க குடும்பத்துல ஒரு பொறுப்பான ஆளு இல்ல அண்ணாச்சி. தப்பா நினைக்காதீங்க.

இந்தா, உங்க வண்டி வந்துட்டு. இருபத்தாறு நிமிசம் லேட்டு. ஏறுங்க, பைய மறந்துறாதீங்க. ஒரு நிமிசம், அந்தத் தாளக் குடுங்க, அது என்னோடது. இந்தச் சீட்டு மட்டும் பாத்துட்டுப் போங்க. இந்தா, டிரைவருக்குப் பின்னால, மூணாம் நம்பர். அக்காவுக்குச் சன்னலோரமாப் போட்டிருக்கேன். கடல் தெரியுற பக்கம்.